ஒன்பதாம் அறை வரைக்கும் சிக்னல்

தர்மபுரி மாவட்டத்தில் சிக்னல் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. சரியான ஆள் இன்னும் எட்டிப் பார்க்காத இடங்கள் வேண்டுமானால் சில இருக்கலாம். மாதவராஜ் இதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு சொன்னான். தீர்த்தமலை அடிவாரத்தில், ஒன்பது அறைகள் கொண்ட அந்த லாட்ஜின் மேசைக்கு முன்னால் நின்று, தோளில் பையும் பைக்குள் மூன்று ரிப்பீட்டர்களுமாக, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொன்னான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லாட்ஜ்காரர் மாயவன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா உனக்காவத்தான் காத்துக்கிட்டுக் கெடந்தம்னு சொல்லு" என்றார்.

அவருடைய குறை நியாயமானது. போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மலையேறி, எல்லாத் தீர்த்தத்திலும் தலை நனைத்து, சாமி கும்பிட்டு இறங்கி, லாட்ஜுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தது. தரிசனம் அருமை, நெட் சுத்தமாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். இறைவனையும் இணையத்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த அந்தக் குடும்பத்தின் மேல் மாதவராஜுக்கு மரியாதை உண்டாயிற்று. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் நெட் சரிசெய்யும் வேலைக்குப் போய் வருகிறவன் அவன். மலையின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் செல்போன் சிக்னல் வராது என்பதும், ஒயர் வழியாக வந்த நெட்டைக் கீழே மேசைக்கு மேலே இருக்கும் பெட்டி மாடிப்படியோடு நிறுத்திவிடும் என்பதும் அவனுக்குப் பழைய சேதி. இந்த லாட்ஜில் அவன் எத்தனையோ தடவை தங்கியிருக்கிறான். அப்போதெல்லாம் பாரதி உயிரோடு இருந்தான்.

பாரதி மாயவனின் ஒரே மகன், மாதவராஜின் வகுப்புத் தோழன். விடுதி அறிவிப்புப் பலகையில் இருவரும் சேர்ந்து பொய்ச் செய்திகள் ஒட்டுவார்கள். சாம்பாரில் பருப்பு தென்பட்டதாகவும், அதைப் பிடிக்கத் தனிப்படை அமைக்கப்பட்டதாகவும் ஒரு செய்தி வந்த நாளில் வார்டன் இருவரையும் வெயிலில் நிற்க வைத்தார். பாரதிக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. பரீட்சை விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், சத்தமில்லாமல் படிக்கலாம் என்று மாடியில் கடைசியாக இருக்கும் ஒன்பதாம் அறைக்குப் போய்ப் படுத்தான். மருந்து ஊதும் குப்பி கீழே சமையலறை அலமாரியில் இருந்தது. டீ எடுத்துக்கொண்டு மேலே போன அம்மாதான் முதலில் பார்த்தது.

அடுத்த வாரம் அவனுக்குத் தலைத்திவசம். அதற்குச் சாமான் வாங்கவும் பூசாரியைப் பார்க்கவும் மாயவன் அன்றைக்கு அரூர் போக வேண்டியிருந்தது. மகனுடைய பெயரை அவர் சொல்லவில்லை. "அதுக்குத்தான் போறேன்" என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட்டு, தூறலில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன சத்தம் ஓயும்வரை சமையலறை வாசலில் நின்றிருந்த பாரதியின் அம்மா மணிமேகலை, பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மழைக்கால வார நாளில் தங்க ஆளில்லாத லாட்ஜுக்கு என்று ஒரு வாசனை உண்டு. தீர்த்தமாடி வந்தவர்கள் என்றைக்கோ காயப்போட்ட ஈர வேட்டியின் புளிப்பும், அதன்மேல் ஊற்றிய பினாயிலும், அதற்கும் அடியில் எங்கேயோ அணைந்துபோன கற்பூரமும் சேர்ந்த அந்த வாசனை மாடி நடையில் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்பதுபோல இருந்தது. மேலே தகரக் கூரையில் தூறல் ஒரே சீராக விழுந்தது. நடையின் இரண்டு பக்கமும் அறைகள். கடைசியில், மலைப்பாறையை முதுகுக்குக் கொடுத்து, ஒன்பது. அதன் கதவில் கைப்பிடியளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. மெல்ல முன்னால் வந்து, மரத்தில் பட்டு, டக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக். நடையில் காற்றே இல்லை. பாறை இடுக்கில் புகுந்த காற்று அறைக்குள் சுற்றுகிறது என்று மாதவராஜ் தனக்குச் சொல்லிக்கொண்டான். கட்டடக் கலையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

மணிமேகலை குரலைத் தாழ்த்திக்கொண்டு தனக்கு வேண்டியதைச் சொன்னாள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நெட் கிடைப்பது அவர் பாடு. அவளுக்கு வேண்டியது வேறு.

"எனக்கு இந்தக் கதவுக்கு உள்ள போவணும் சாமி. சிக்னலு. அதுக்குத்தான் உன்னய வரச் சொன்னேன்."

மாயவன் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் ஆகாத பையனின் உயிர் பிரிந்த அறையைத் தலைத்திவசம் வரை திறக்கக் கூடாது. அவன் தொட்ட எதையும் அங்கிருந்து எடுக்கவும் கூடாது. திவசத்தன்று பூசாரி வந்து மலைத் தீர்த்தம் தெளித்துத் திறப்பார். பாய், தலையணை, துணி, அவன் கையில் கடைசியாக இருந்த பொருள், எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். பாரதியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே மாயவன் அறையைப் பூட்டிச் சாவியைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டார். போன் மட்டும் கட்டில்மேல் சார்ஜில் கிடந்தது. அந்த அமளியில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மணிமேகலைக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

மாடியில் படுத்திருந்தால் பாரதி இறங்கி வர மாட்டான். டீ வேண்டும் என்றாலும் போனில் எழுதித்தான் அனுப்புவான். ஒன்பதாம் அறையிலிருந்து எதுவும் போகாது. எழுதி முடித்துவிட்டு நடைக்கு வந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். அன்றைக்கு அவனால் நடந்திருக்க முடியாது. ஆனால் எழுதியிருப்பான். எழுதாமல் போகிற பிள்ளை இல்லை. அது அந்த போனுக்குள்ளேயே நிற்கிறது. சிக்னல் உள்ளே போனால் வெளியே வந்துவிடும். ஆற்றோடு போவதற்குள் வர வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பல தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துச் சரிசெய்த கணக்கு மாதிரி ஒப்பித்தாள்.

"தொறக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க" என்றாள் கடைசியாக. "சிக்னலு போவக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

மாதவராஜ் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தான். சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியவள்.

அதோடு தன் போனையும் எடுத்துக் காட்டினாள். மகனுக்கு அவள் ஒரு வருடமாக அனுப்பியவை. சாப்பிட்டியா. மழ பேயுது, போத்திக்கோ. உன் சட்டய பக்கத்து வீட்டு மாதேஷுக்குக் குடுத்தேன், கோவிச்சுக்காத. இன்னிக்கு ரூம் எல்லாம் ரொம்பிடுச்சு. சாப்பிட்டியா. சாப்பிட்டியா. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த விஷயம் மாதவராஜுக்கு முன்னாலேயே தெரியும். விடுதி மெஸ்ஸில் இதை வைத்து ஒரு முழு இரவுச் சாப்பாட்டையும் ஓட்டியிருக்கிறான். செத்தவனைக்கூடச் சாப்பாட்டுக் கேள்வியிலிருந்து விடுதலை செய்யாத ஒரே இனம் தமிழ்த் தாய்க்குலம் என்றும், மேலுலகத்தில் நம் ஆட்கள் மட்டும் போனை அணைத்து வைத்திருப்பதாகத் தகவல் என்றும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு கை கழுவப் போன இடத்தில், தண்ணீரைத் திறந்துவிட்டபடி, ரொம்ப நேரம் கை கழுவினான்.

வேலை எளிது. ஏற்கெனவே ஒரு ஆள் வந்து ரிப்பீட்டர் மாட்டியிருந்தார். சிக்னல் எங்கே இல்லையோ அங்கேயே, நடையின் கோடியில். அது சிவப்பு விளக்கோடு பட்டினி கிடந்தது. காது கேட்காத இடத்தில் ஆளை நிறுத்திவிட்டுக் கேட்டதைச் சொல் என்றால் அவன் எதைச் சொல்வான்? கேட்கிற தூரத்துக்குள் ஒருவனை நிறுத்த வேண்டும், அவன் குரல் எட்டும் தூரத்துக்குள் இன்னொருவனை. மாதவராஜ் முதலாவதை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினான். இரண்டாவது ஆறாம் அறை வாசலில். மூன்றாவது, பழைய பட்டினிக்காரனைக் கழற்றிவிட்டு, ஒன்பதின் கதவுக்குப் பக்கத்தில். வலைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்தான். அப்போதுதான் உள்ளே கிடக்கும் போன் தானாகவே அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை வைத்தது பாரதி: சம்பளமில்லா ரூம்பாய். அதை டைப் செய்யும்போது மாதவராஜின் விரல் தேவையில்லாமல் இரண்டு தடவை தவறியது.

ரிப்பீட்டர் என்றால் என்ன சாமி என்று அவள் கேட்டதற்கு அவன் விளக்கம் சொன்னான்.

"அதுக்குன்னு சொந்தமா ஒரு வார்த்த கெடையாதுங்கம்மா. இந்தப் பக்கம் கேட்டத அந்தப் பக்கம் சொல்லும். அந்தப் பக்கம் கேட்டத இந்தப் பக்கம் சொல்லும். அவ்வளவுதான்."

அவள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவதுக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. இரண்டாவதின் எல்லை எவ்வளவு தூரம் என்று பார்க்க, தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நடந்தான். ஆறாம் அறை வாசலில் முழுக் கோடுகள். ஏழில் ஒன்று குறைந்தது. எட்டில் இன்னொன்று. எல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளபடி. ஒன்பதின் கதவு முன்னால் வந்து நின்றபோது எல்லாக் கோடுகளும் நிறைந்தன.

பின்னால் போனான். குறைந்தது. முன்னால் வந்தான். நிறைந்தது. கதவுக்கு உள்ளேயிருந்து யாரோ ஒருவன் காதைக் கதவில் வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வதுபோல.

ஈரச் சுவரில் பட்டுத் திரும்புவதால் அப்படித் தெரியும் என்று மாதவராஜ் முடிவுகட்டினான். மணிமேகலை கேட்கவே இல்லை. இருந்தாலும் அவளுக்கும் ஒருமுறை சொன்னான். பிறகு மூன்றாவதைச் சொருகினான். விளக்கு சிவப்பில் எரிந்தது. சிமிட்டியது. பச்சையானது.

பூட்டு டக் என்றது.

இருவரும் கதவுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். மணிமேகலை போனை இரண்டு உள்ளங்கைகளிலும் பிரசாதம் வாங்குவதுபோல ஏந்திக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மலை இந்தப் பக்கத்துக்கு அந்தியைச் சீக்கிரமாகவே கொண்டுவந்துவிடும். கூரைமேல் ஒரு குரங்கு ஓடிற்று, நின்றது, திரும்பி வந்த வழியே ஓடிற்று. கீழே சமையலறையில் அவள் அணைக்க மறந்த ரேடியோவில் யாரோ விவசாயிகளுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வராது என்று அவன் நினைத்தான். ஒரு வருடம் சார்ஜில் கிடந்த போன் எப்போதோ செத்திருக்கும். ஒன்றும் வராமல் போனால் அவளுக்கு என்ன சொல்வது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கத் தொடங்கியிருந்தான்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

பாரதி என்று பெயர். அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு.

அவளால் தொட முடியவில்லை. விரல் அந்தரத்திலேயே நின்றது. மாதவராஜ்தான் அழுத்தினான்.

முதலில் மூச்சு. மூச்சு என்றும் சொல்ல முடியாது; தகரத்தின்மேல் ஆணியை மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு ஓசை நீண்டு, நீண்டு, முடிகிற இடம் வராமல் நின்று, பிறகு கிழிந்தபடி திரும்பி வந்தது. விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலிலிருந்து எத்தனை மழை ராத்திரிகளில் அவன் கேட்டிருக்கிற ஓசை. நடுவே குரல்.

"ம்மா... டீ வேணாம்... அந்த... ஊதற மருந்து..."

அவ்வளவுதான்.

மணிமேகலை தலையை ஆட்டினாள். ஒருமுறை, இன்னொருமுறை.

"கேட்டிருக்கான்" என்றாள். "எங்கிட்டத்தான் கேட்டிருக்கான். நான் கீழ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன்."

மாதவராஜ் அவளுடைய தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல், கையைத் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டான். வந்த வேலை முடிந்துவிட்டது. கடைசி வார்த்தை கிடைத்துவிட்டது. எழுந்து, பையைக் கட்டி, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

அப்போதுதான் அவள் திரையைக் காட்டினாள்.

ஒற்றை டிக்குகள் இரட்டையாகிக்கொண்டிருந்தன. ஒரு வருடம். மேலேயிருந்து கீழே வரைக்கும்.

அதில் ஒன்றுமில்லை என்று சொன்னான். உள்ளே போனுக்கு உயிர் இருக்கிறது, சிக்னல் கிடைத்திருக்கிறது, இவ்வளவு நாளாக நின்றதெல்லாம் போய்ச் சேருகிறது. இதைச் சொன்ன அவன் குரல் சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே சரியாக இருந்தது.

டிக்குகள் நீலமாயின. எல்லாம். ஒரே நேரத்தில்.

"நீலம்னா படிச்சிட்டாங்கன்னுதானே சாமி அர்த்தம்?"

ஈரம் பட்டால் திரையை யாரோ தொடுவதுபோல போன் தானாகவே வேலை செய்யும் என்றான். அது நிஜம். மழைக்காலத்தில் அவன் போனே அப்படிச் செய்திருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்போதே பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒன்று தோன்றியது. டைப் செய்கிறார்.

மறைந்தது.

மறுபடியும் தோன்றியது.

கூரையில் தூறல் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. ரேடியோவும் கேட்கவில்லை. நடையில் மிச்சமிருந்த ஒரே சத்தம் பூட்டு. டக். அதற்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் இருந்த நேரத்தை மாதவராஜின் உடம்பு அவனுக்கு முன்னாலேயே கண்டுகொண்டது. பாரதி மூச்சை இழுக்கும் நேரம். அடைத்து நிற்கும் நேரம். கிழிந்து வரும் நேரம். டக்.

பூட்டு ஆடவில்லை. கதவு ஆடியது. உள்ளே இழுத்தது. வெளியே தள்ளியது.

முதல் பதில் வந்தது. ஒரே சொல்.

இல்ல.

ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்ட முதல் கேள்விக்கு. சாப்பிட்டியா. இல்ல.

மணிமேகலையின் வாயிலிருந்து வந்த ஓசையை அவன் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சந்தோஷத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. அவள் முழங்காலாலேயே கதவுக்கு நகர்ந்து போய், உள்ளங்கையை மரத்தில் வைத்தாள். கதவு அவள் கையைத் தள்ளியது. விட்டது. தள்ளியது.

போன் அதிர்ந்தது. இன்னொரு குரல் பதிவு. அதற்குக் கீழே இருந்த நேரம் இன்றைய நேரம். இப்போதைய நிமிடம்.

அவளே அழுத்தினாள்.

அதே இழுப்பு. ஆனால் தேய்ந்துபோனது. ஒரு வருடம் நிறுத்தாமல் இழுத்தால் தகரமும் ஆணியும் என்ன ஆகுமோ அது.

"ம்மா... இன்னும் முடியல... உள்ளயும் போவல... வெளியவும் வரல... கரண்ட நிறுத்துங்கம்மா... போயிடறேன்..."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். சூட்டில் பட்டுவிட்டதுபோல.

மாடிப்படியின் மேல் முனையில், சுவரில் பதித்த பெட்டிக்குள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. ஒன்பதுக்கான சுவிட்சை யாரும் தவறிக்கூட அணைத்துவிடக் கூடாது என்று அவள் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் ஏற்பாடு. மின்கட்டணத்தைப் பார்த்து மாயவன் சத்தம் போட்டபோதும் விடவில்லை. சார்ஜ் இறங்கினால் போன் செத்துவிடும், போன் செத்தால் அவன் கடைசியாக எழுதியது போய்விடும் என்ற பயம். இதையெல்லாம் அவள் கதவைப் பார்த்தபடி, துண்டு துண்டாக, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"நாந்தான் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். "போற புள்ளய. ஒரு வருசமா."

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பெட்டிவரை நடந்தாள். கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள்.

"என்னால முடியாது சாமி. நீ பண்ணிடு. நான் கீழ போயிடறேன். ஆனதும் ஒரு குரல் குடு."

படியிறங்கும்போது அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

மாதவராஜ் பிளாஸ்திரியைப் பிய்த்தான். அடியில் சுவிட்ச் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை அதன்மேல் வைத்தான். சாதாரண சுவிட்ச். கீழே தட்டினால் முடிந்தது. அவனுக்குத் தெரிந்த வேலைகளிலேயே மிகச் சுலபமானது.

நடையின் கோடியில் டக்.

தட்டினால் போய்விடுவான். இந்த முறை நிஜமாகவே. தட்டாவிட்டால், தண்ணீரைத் திறந்துவிட்டுக் கை கழுவ வேண்டியதில்லை. பொய்ச் செய்தி ஒன்று மனதில் தோன்றினால், பாதி வாக்கியத்தில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வேண்டியதில்லை. டக். விரலுக்குக் கீழே சுவிட்ச். டக்.

இடது கை தன் போனை எடுத்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

பாரதியின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. கண்ணில் படாத இடத்துக்கு அவனே தள்ளிவைத்திருந்தான். ஒரே சொல்லை எழுதினான்.

டேய்.

இரண்டு டிக். நீலம்.

நடையின் கோடியில் பூட்டு நின்றது. முழு அமைதி. யாரோ தலையைத் திருப்பியதுபோல.

டைப் செய்கிறார்.

மாதவா நிறுத்துடா.

அவன் படித்தான். இன்னொருமுறை படித்தான். பெயரைக் கூப்பிட்டுவிட்டு, புள்ளிகூட வைக்காமல் அடுத்ததற்குப் போகிறவன். அவனேதான். வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

ஒரே நிமிஷம்டா என்று அனுப்பினான்.

சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான். பிய்த்த பிளாஸ்திரியைத் திரும்ப வைத்து, ஓரம் தூக்கிக்கொள்ளாதபடி நகத்தால் நான்கு பக்கமும் அழுத்தினான்.

"பண்ணிட்டியா சாமி?" கீழேயிருந்து.

"ஆச்சும்மா."

அழுகை அப்போதுதான் தொடங்கியது. கீழே. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுவது. அவன் அதைக் கேட்டபடி நடையில் நடந்தான். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதின் கதவில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்தான். மூன்றாவது ரிப்பீட்டரின் பச்சை வெளிச்சம் அவன் கையில் விழுந்தது.

முதுகில் கதவு தள்ளியது. விட்டது. தள்ளியது. இப்போது வேகமாக. கெஞ்சும் வேகம்.

போன் அதிர்ந்தது. நிறுத்துடா. அதிர்ந்தது. டேய். அதிர்ந்தது. முடியலடா.

மாதவராஜ் எழுத ஆரம்பித்தான். எழுதி, அழித்து, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், கடைசியில் எழுதினான்.

சாப்பிட்டியா?

நீலம்.

கதவுக்கு அடியில், இரண்டு விரல் இடைவெளியில், ஒரு போன் வெளிச்சம் தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. அவன் இடுப்புக்குப் பின்னால் வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், அவன் முதுகு இருந்த உயரத்திலேயே, இன்னொரு முதுகு சாய்ந்தது. கதவுப் பலகை குளிர்ந்தது. விடுதி மாடியில் இருவரும் அப்படித்தான் உட்காருவார்கள்.

வெளியே மழை மறுபடியும் பிடித்தது.

மழ பேயுது. போத்திக்கோ.

அனுப்பினான்.

கதவு உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே போயிற்று. விடவில்லை.